நிறுத்தக்காவின் கையெழுத்து

என் மச்சினனின் பேச்சை எடுத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். அதனால் அவனிடமிருந்து தொடங்கமாட்டேன். என் மனைவியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் அவன் வந்துதான் தீருவான். வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

விமான நிலையத்துச் சுற்றுச்சுவருக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று எங்கள் கம்பெனி. ஊரார் சரக்கை வாங்கி, பெட்டி கட்டி, விமானத்தில் ஏற்றி அனுப்புவது தொழில். துணி, செருப்பு போன்ற சாதுவான சரக்கெல்லாம் பக்கத்துக் கொட்டகைக்காரர்களுக்குப் போய்விடும். எங்களிடம் வருவது பெயின்ட், சென்ட், ஆசிட், பசை, பேட்டரி என்று எரிகிற, கசிகிற, வெடிக்கிற ரகம். அபாயச் சரக்கு என்பார்கள். நான் அந்தக் கம்பெனியின் வேன் டிரைவர். பெட்டிகளைக் கொட்டகையிலிருந்து விமான நிலையத்துச் சரக்குக் கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. அந்தப் பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போடுவது என் மனைவியின் வேலை.

கையெழுத்து என்றால் சாதாரணக் கையெழுத்து இல்லை. 'இந்தப் பெட்டிக்குள் இருப்பது இதுதான், இவ்வளவுதான், சட்டப்படிதான் கட்டியிருக்கிறது, தப்பு என்றால் என்னைக் கேளுங்கள்' என்று, ஓரத்தில் சிவப்புக் கோடுகள் போட்ட ஒரு தாளில் ஓர் ஆள் உறுதி கொடுக்க வேண்டும். பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதித் தேறிய ஆளாக இருக்க வேண்டும். விமானம் ஓட்டுகிறவர் பெட்டியைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. ஒரு விமானம் நிறைய மனிதர்களை உட்காரவைத்துக்கொண்டு அந்தத் தாளை நம்பித்தான் மேலே கிளம்புகிறார்.

இவள் வேலைக்குச் சேர்ந்தது பெட்டி ஒட்டும் மேஜையில். டேப்பை இழுத்து ஒட்டிவிட்டு அடுத்த பெட்டியை எடுக்க வேண்டியதுதானே? மாட்டாள். ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, பின்னால் இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் படிப்பாள். என்னிடம் அவள் முதன்முதலில் பேசியதே, "அந்தப் பெட்டியைத் தலைகீழா வச்சிருக்கீங்க" என்றுதான். நான் அசட்டுத்தனமாக, பெட்டிக்குத் தலை எது கால் எது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அம்புக்குறியைக் காட்டினாள். அன்றைக்கு விழுந்தவன்தான் நான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

கையெழுத்துப் பயிற்சிக்கு யார் போகிறீர்கள் என்று மேனேஜர் கேட்டபோது படித்த பிள்ளைகள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பரீட்சை கஷ்டம் என்பது ஒரு பக்கம். நாளைக்கு ஏதாவது ஆனால் கழுத்து மாட்டிக்கொள்ளும் என்ற பயம் இன்னொரு பக்கம். இவள் கையைத் தூக்கினாள். வீட்டில் நான் குதித்தேன். ஊரான் பெட்டிக்கு நீ ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டேன். யாராவது ஒருத்தர் ஏற்கத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தாள். பிறகு அவளிடம் பேசிப் பயனில்லை.

தேறி வந்த பிறகு கொட்டகையில் அவளுக்கு ஒரு பெயர் விழுந்தது. நிறுத்தக்கா. வண்டி கிளம்பும் நேரத்தில் பின்னாலேயே ஓடிவந்து, "நிறுத்து, நிறுத்து" என்பாள். ஒரு மூடி லூசாக இருக்கும், அல்லது ஓர் ஒட்டுத்தாள் பெட்டியின் மடிப்பில் பாதி மறைந்திருக்கும். நான் தலையில் அடித்துக்கொள்வேன். வீட்டிலும் அதே கூத்து. பினாயிலும் ப்ளீச்சும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது, சாமான் சேர்த்து வைப்பதற்கும் முறை இருக்கிறது என்பாள். என் அம்மாவும் சின்னம்மாவும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்து மல்லுக்கு நின்ற அன்று, என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "இவங்க ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில போட்டது யாருங்க?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்கமுடியாமல் நான் பின்கட்டுக்கு ஓடினேன்.

அப்போதெல்லாம் அந்தத் தாளை டைப் அடித்துத்தான் கொடுத்தார்கள். சரக்குக் கூடத்தில் அதைச் சரிபார்க்கிறவர் ஒருத்தர் இருந்தார். ஓர் எழுத்து பிசகினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். நானும் பந்து மாதிரி இங்கும் அங்கும் போய் வருவேன். பிறகுதான் கம்பெனி அந்தச் சாஃப்ட்வேரை வாங்கியது. எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவள் சொன்னதைச் சொல்கிறேன். ஒவ்வோர் அபாயச் சரக்குக்கும் உலகம் முழுக்க ஒரே எண் உண்டு. அதைத் தட்டினால் போதும். எந்த வகைப் பெட்டி, எவ்வளவு போடலாம், ஆட்கள் போகும் விமானத்தில் ஏற்றலாமா, சரக்கு விமானம் மட்டும்தானா, எந்த ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும், எல்லாவற்றையும் திரையில் கொட்டிவிடும். பிறகு கேள்வி கேட்கும். பதில் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்றால் திரை சிவந்துவிடும். தலைகீழாக நின்றாலும் தாள் அச்சாகாது.

இவளுக்கு அது வந்ததில் ஏகப்பட்ட சந்தோஷம். "என்னைவிடப் பிடிவாதக்காரி ஒருத்தி கிடைச்சுட்டா" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தால் திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவாள். அதனிடமே பேசிக்கொள்ளுங்கள் என்பாள். தேறிய ஆளுக்கு மட்டும்தான் அதைத் திறக்க பாஸ்வேர்டு உண்டு. எங்கள் கொட்டகையில் அவள் ஒருத்திதான். அவள் கையெழுத்தையும் படம் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். தாள் அச்சாகும்போது கீழே தானாக வந்து விழும்.

ஒன்றை மட்டும் அவள் அடிக்கடி சொல்வாள். அது கேள்விதான் கேட்கும், பெட்டியைத் திறந்து பார்க்காது. நாம் சொல்கிற பதிலை அப்படியே நம்பும். அதனால் பதில் சொல்கிற ஆள் ஒழுங்காக இருக்க வேண்டும்.

இனி அவனிடம் வருகிறேன். இவளுடைய ஒரே தம்பி. மாமியார் இறந்துபோனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். எங்களுக்குக் கல்யாணமான கையோடு அவனும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். குறை சொல்லக்கூடாது, எனக்கும் பிடித்த பையன்தான். வாய்ச்சாலம் பிரமாதம். எதிரில் இருப்பவர் என்ன கேட்க ஆசைப்படுகிறாரோ அதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவான். படிப்பு முடிந்ததும் இவள் மேனேஜரிடம் நடையாக நடந்து கம்பெனியில் சேர்த்துவிட்டாள். வாடிக்கையாளர் பிடிக்கிற வேலை. மளமளவென்று மேலே வந்தான். தனி வீடு, கல்யாணம், நல்ல சட்டை எல்லாம் வந்தது. தம்பி பேச்சை எடுத்தால் இவள் முகத்தில் விளக்கேற்றிய மாதிரி ஆகிவிடும். தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள், சுருக்கமாகச் சொன்னால்.

அவன் பிடித்து வந்த பெரிய வாடிக்கையாளர் ஒருவர், அளவெடுக்கும் கருவிகள் விற்கிறவர். விற்ற கருவிகளில் பேட்டரி சூடாகிறது, வீங்குகிறது என்று புகார் வந்து, பழுதான பேட்டரிகளை எல்லாம் வாங்கித் திரட்டி, செய்த தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று எங்களிடம் கொண்டுவந்தார். விமானத்தில்தான் போக வேண்டும், சீக்கிரம் போக வேண்டும் என்றார். மச்சினன் கொஞ்சமும் யோசிக்காமல் ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

இவள் உட்கார்ந்து எண்ணைத் தட்டினாள். பேட்டரி பழுதானதா, ஆபத்து என்று திரும்பப் பெறப்பட்டதா என்று சாஃப்ட்வேர் கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். திரை சிவந்தது. அந்த மாதிரி பேட்டரி எந்த விமானத்திலும் ஏறக்கூடாது; ஆட்கள் விமானமானாலும் சரி, சரக்கு விமானமானாலும் சரி. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். தரை வழியாகவோ கப்பலிலோ, அதற்கென்று இருக்கிற முறையில்தான் போக வேண்டும், வாடிக்கையாளரிடம் சொல்லிவிடு என்றாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, சரிக்கா, நான் பேசிக்கொள்கிறேன் என்று போனான். பேட்டரிப் பெட்டி ஓரமாகக் கிடந்தது.

மறுநாள் காலையில் அவன் மனைவிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். இவள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அந்தப் பெண்ணுக்குத் தாய் தூரத்தில். பிரசவ அறை வாசல் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனது இவள்தான். அவன் எங்கே என்று எல்லாரும் தேட, ஆபீசில் ஒரு அவசரம், முடித்துவிட்டு வருகிறேன் என்று போனில் சொன்னானாம். குழந்தை பிறந்து, துடைத்து, துணியில் சுற்றி, இவள் கைக்கு வந்த பிறகுதான் வந்து சேர்ந்தான்.

ஆபீசில் என்ன அவசரம் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கொட்டகையிலேயே அவனைக் கட்டிப்போட்டிருப்பேன். அவன் இவளுடைய மேஜையில் உட்கார்ந்து, இவளுடைய பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து, அதே பேட்டரிக்கு அதே கேள்வி வந்தபோது இல்லை என்று அழுத்தியிருக்கிறான். திரை சிவக்கவில்லை. தாள் அச்சானது. அடியில் என் மனைவியின் கையெழுத்து வந்து விழுந்தது.

அந்தப் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். தாளைப் பார்த்தேன். இவள் முந்தின நாளே முடித்து வைத்திருக்கிறாள் போல என்று நினைத்தேன். இவள் கையெழுத்து இருந்தால் நான் பெட்டியை மறுபடி திரும்பிப் பார்ப்பதில்லை. கொட்டகையில் யாருமே பார்ப்பதில்லை.

சரக்குக் கூடத்தில் சரிபார்க்கிறவர் தாளைப் படித்துவிட்டுப் பெட்டியைத் தொட்டார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பக்கவாட்டில் அட்டை பழுப்பேறி, ஒரு மெல்லிய புகை. நல்ல மனிதர், யோசிக்கக்கூட இல்லை. தள்ளுவண்டியில் அதைப் போட்டு வெளியே திறந்தவெளிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். அங்கே போனதும் பெட்டி பற்றிக்கொண்டது. அவருடைய உள்ளங்கை வெந்துபோனது, அதோடு போயிற்று. அது இன்னும் கொஞ்சம் பொறுத்துச் சூடாகியிருந்தால், மேலே, ஆகாயத்தில்... எனக்கு அதற்கு மேல் நினைத்துப் பார்க்கத் தைரியமில்லை. வேனிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விமானப் போக்குவரத்து ஆபீசிலிருந்து அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வருவதாகச் செய்தி வந்தது. இவளுடைய பாஸ்வேர்டை அன்றே முடக்கிவிட்டார்கள். அவள் அன்று ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேள்வி வேறு. உன் பாஸ்வேர்டை யாருக்குக் கொடுத்தாய்? பாஸ்வேர்டைக் கொடுப்பதும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் ஒன்றுதான். கொடுத்தாள் என்று ஆகிவிட்டால் கையெழுத்துப் போடும் தகுதி ரத்து. வேறு எந்தக் கம்பெனியிலும் எடுக்கமாட்டார்கள். ஓர் ஆள் கை வெந்திருக்கிறது, கேஸும் வரலாம்.

அவளுக்கு யார் என்று தெரிந்திருந்தது. எனக்குக்கூடத் தெரிந்திருந்தது. வேறு யாருக்கு அந்தப் பெட்டி போயே தீர வேண்டும்? விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போனோம். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல், நீதானே என்று கேட்டாள். அவன் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயத்தில் செய்துவிட்டேன், நாலு பேட்டரி, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்துவிட்டேன் என்றான்.

"நாளைக்கு நானே சொல்லிடறேன்கா. நீ என் பேரைச் சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும். நானா ஒத்துக்கிட்டா வேலையோட போயிடும். நீ எதுவும் பேசாதே. என்னைப் பேச விடு."

இவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள். வழியில் நான் கத்தினேன். அவன் நாக்கை நம்பி நீ தலையைக் கொடுக்கிறாயே என்றேன். அவன் பொய் சொல்வான், மற்றவர்களிடம் சொல்வான், என்னிடம் சொல்லமாட்டான் என்றாள். நானும் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

விசாரணை மேனேஜரின் அறையில். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரியும் மேனேஜரும். இந்தப் பக்கம் இவள், அவள் தம்பி, கடைசியில் பெட்டியைக் கொண்டுபோன டிரைவர் என்ற முறையில் நான். அதிகாரி சத்தம் போடுகிறவர் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். பாஸ்வேர்டை யாருக்காவது சொன்னீர்களா? இல்லை. எங்காவது எழுதி வைத்தீர்களா? இல்லை. அப்படியானால் இன்னொருத்தருக்கு எப்படித் தெரிந்தது?

தம்பி பேசட்டும் என்று இவள் காத்திருந்தாள். நான் மேஜைக்குக் கீழே முஷ்டியை மடக்கிக்கொண்டு, சொல்லித் தொலையேன்டா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் தொண்டையைச் செருமினான். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

"சார், எனக்கு நிச்சயமா தெரியாது. ஆனா அக்கா வீட்ல வேலையைப் பத்தி எல்லாம் பேசுவாங்க. மாமாவுக்கு பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கலாம். பெட்டியை எடுத்துட்டுப் போனதும் அவர்தான்."

ஒரே போடாகப் போட்டான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை, குரலில் ஒரு பிசிறு இல்லை. எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றவன். காய்ச்சல் வந்தால் என் தோளில் கிடந்தவன். எழுந்திருந்தால் அடித்திருப்பேன். அதிகாரி என் பக்கம் திரும்பினார். மேனேஜரும் திரும்பினார், அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வாடிக்கையாளர் பிடிக்கிறவன் போனால் கஷ்டம், டிரைவர் போனால் இன்னொரு டிரைவர் கிடைப்பான்.

எனக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது என்றேன். என் காதுக்கே அது திருடன் சொல்கிற பதில் மாதிரி கேட்டது. கணவன் மனைவிக்குள் இதெல்லாம் சகஜம்தானே என்றார் அதிகாரி. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்று மேனேஜர் எடுத்துக்கொடுத்தார்.

இவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். கோபம் என்று சொல்லமுடியாது. வீட்டுக்கு வந்தவரை யாரென்று தெரியாமல் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் திரும்பினாள்.

"அவருக்குத் தெரியாது சார்."

அதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"என் பாஸ்வேர்டு ஒரு பேரு. மொச்சை. அதோட ஒரு பிறந்த வருஷம்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மொச்சை யார்? எத்தனை வருஷக் குடித்தனம், அந்தப் பெயரை நான் காதால் கேட்டதில்லை. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். காது மடல் வரை சிவந்து போயிருந்தான்.

அது யார் என்று அதிகாரி கேட்டார். இவள் நிதானமாகச் சொன்னாள். தம்பி குறைமாதத்தில் பிறந்தவனாம். உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக இருந்தானாம். மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கிறான் என்று அம்மா அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுக் கேலி செய்ததும், இனி அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று அழுது புரண்டான். முக்கியமாகப் புதிதாக வந்த மாமா காதில் விழவே கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினான். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. வாயால் கூப்பிட முடியாத பெயரை விரலால் தினமும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க அம்மா இறந்துட்டாங்க. இப்போ அந்தப் பேரு தெரிஞ்சவங்க இந்தக் கம்பெனியில ரெண்டே பேர். ஒருத்தி அன்னிக்குப் பிரசவ அறை வாசல்ல நின்னுட்டிருந்தா, சார்."

அதிகாரி மச்சினனைப் பார்த்து, பிறந்த வருஷம் என்ன என்று கேட்டார். கேட்ட கேள்வியையே இன்னொரு முறை கேட்டார். மெதுவாக, தரையைப் பார்த்து, சொன்னான். அதற்குப் பிறகு, அக்கா எதை வைத்திருப்பாள் என்று ஊகித்துத் திறந்தது உட்பட, அவன் மற்றதையும் சொல்ல வேண்டியதாயிற்று. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தானாக வந்தது.

அவனுக்கு வேலை போயிற்று. கேஸும் போட்டார்கள், நடக்கிறது. இவளுக்கு, ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு வைத்ததற்காக எழுத்துபூர்வமாக ஒரு எச்சரிக்கை. மறுபடி பயிற்சிக்குப் போய்ப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். எழுதினாள், தேறினாள். தகுதி தப்பிப் பிழைத்தது. வீட்டு விஷயத்தை வீட்டிலேயே முடித்திருக்கலாமே அம்மா என்று மேனேஜர் ஆதங்கப்பட்டார். வெந்த கை யார் வீட்டுக் கை சார் என்று நான் கேட்டேன். அதிலிருந்து அவர் என்னிடம் சிரிப்பதில்லை, எனக்கும் அதில் நஷ்டமில்லை.

உறவுக்காரர்கள்தான் விடவில்லை. கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்துவிட்டாள், ஒரு நாற்காலிக்காகத் தம்பியைத் தெருவில் நிறுத்திவிட்டாள் என்று அவள் சித்தப்பா போன் போட்டுக் கத்தினார். அவன் போய் ஒவ்வொரு வீட்டிலும் அழுதிருக்கிறான். என் மேல் பழி போட்டதை மட்டும் ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. இவள் ஒரு நாள் குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு போனாள். தம்பி மனைவி கதவைப் பாதி திறந்து, இனிமேல் குழந்தையைப் பார்க்க வராதீர்கள் என்று சொல்லிவிட்டாளாம். இவள் கையைப் பிடித்துக்கொண்டு பிரசவ அறைக்குப் போனவள். அன்று வீட்டுக்கு வந்து இவள் வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவனைத் திட்டினேன், எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளிலும் திட்டினேன். திட்டாதீங்க என்று அவள் சொல்லவில்லை. அதுவே எனக்கு என்னவோ போலிருந்தது. முன்பெல்லாம் அவனை அரைவார்த்தை சொல்ல விடமாட்டாள்.

போன வாரம் அவளுக்குச் சாஃப்ட்வேரைத் திறந்துவிட்டார்கள். காலையில் முதல் சரக்கு, பெயின்ட் டப்பாக்கள். தாளுக்காக நான் அவள் அறையில் நின்றுகொண்டிருந்தேன். புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லித் திரை கேட்டது. அவள் விரலை விசைகள் மேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒன்றும் தோன்றவில்லை போலிருந்தது. அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, என் பேரைப் போட்டால் குறைந்தா போய்விடுவாய், எனக்கும் ஒரு செல்லப்பேர் வைத்துப் போடேன் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஆள் பேரே வேண்டாங்க" என்றாள்.

"நான் என்னடி பண்ணேன்?"

"அன்னிக்கு வரைக்கும் அவனும் ஒண்ணும் பண்ணலைங்க."

சண்டை போடுகிற குரலில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நேரம் என்ன ஆகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமல், இடது கையால் விசைகளை மறைத்துக்கொண்டு, வலது கையால் தட்டத் தொடங்கினாள். அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.